தடம் அறிதல்: பழனி மலைத்தொடரும் பொம்மை ரயிலும்



தமிழ்க் கவிதைக்குள் தண்டவாளம் நுழைந்து நெடுங்காலம் ஆகிறது. நுழைந்த நாள்முதல் அதற்கு ஏறத்தாழ ஒரே வேலைதான் தரப்பட்டு வருகிறது. சேர முடியாத காதலர் இருவரைப் பற்றிப் பாடவேண்டுமா, தண்டவாளம் வருகிறது. ஒரே வீட்டில் வாழ்ந்தும் ஒட்டாத கணவன் மனைவியைச் சொல்லவேண்டுமா, மீண்டும் தண்டவாளம் வருகிறது. 'அருகருகே சென்றும் இணையாத இரு கோடுகள்' என்பதற்குமேல் அதனிடம் எவரும் எதையும் கேட்டதாகத் தெரியவில்லை.

கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. எந்தத் தண்டவாளம்? ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடிய வண்டி இருந்திருக்கிறது. மூன்று தண்டவாளத்தில் ஓடும் வண்டி இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே பல்வரிசை பொருந்திய பாதை இருக்கிறது; நடுவே கம்பிவடம் ஓடும் பாதையும் இருக்கிறது. தண்டவாளமே இன்றி, மரத்தில் குடைந்த பள்ளத்தில் ஓடும் குழந்தை வண்டியும் உண்டு. இவை அனைத்தையும் 'இரு கோடுகள்' என்று ஒரே சொல்லில் அடக்கிவிடும் கவிதை, பூ என்று மட்டும் சொல்லி எந்தப் பூ என்று சொல்லாமல் விட்ட கவிதைக்கு ஒப்பானது.

குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களைப் பெயர் சொல்லி அடுக்கிய கபிலரின் மரபுக்கு உரியவர்கள் தமிழ்க் கவிஞர்கள். அதே குறிஞ்சி நிலத்தில், கொடைக்கானலையும் பழனியையும் தன்னகத்தே கொண்ட இம்மலைத்தொடரில், தடங்களை வகைப்படுத்தி அறிவது எவ்வாறு, அறிவதால் இலக்கியத்துக்கு ஆகும் பயன் யாது என்பனவே இவ்வுரையின் பொருள்.

சிறுதேர் மரபு

பொம்மை வண்டியின் தடத்தைப் பற்றி அறிஞர் அவையில் பேசுவது தகுமோ என்ற ஐயம் சிலருக்கு எழலாம். தமிழ் மரபு அந்த ஐயத்தை முன்பே தீர்த்து வைத்திருக்கிறது. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்தாம் பருவம் சிறுதேர்ப் பருவம். குழந்தை உருட்டும் விளையாட்டுத் தேருக்கு ஒரு பருவத்தையே ஒதுக்கிய இலக்கியம் தமிழ் இலக்கியம்.

அதற்கும் முன்னே பட்டினப்பாலையில் ஒரு காட்சி உண்டு. காவிரிப்பூம்பட்டினத்து முற்றத்தில் நெல் காய்கிறது. அதைக் கொத்தவரும் கோழியை விரட்ட, காவல் இருக்கும் பெண் தன் கனத்த காதணியைக் கழற்றி எறிகிறாள். எறிந்த அணி, சிறுவர் உருட்டிவரும் மூன்று கால்களையுடைய சிறுதேரின் முன்னே விழுந்து வழியை மறிக்கிறது. நகரின் செல்வச் செழிப்பைச் சொல்ல வந்த உருத்திரங்கண்ணனார், அத்தேருக்கு உருளை எத்தனை என்று எண்ணியிருக்கிறார். அதைக் குதிரை இழுக்கவில்லை என்று குறித்திருக்கிறார். அதன் வழியில் என்ன கிடந்தது என்றும் நோக்கியிருக்கிறார். உருளையின் எண்ணிக்கை, இழுக்கும் விசை, செல்லும் வழி ஆகிய இம்மூன்றுமே இன்று தடங்களை ஆய்வோர் நோக்கும் கூறுகள்.

குறுந்தொகையின் 61ஆம் பாடலில் தும்பிசேர் கீரனார் இன்னொரு நுட்பத்தைக் காட்டுகிறார். தச்சன் செய்து தந்த சிறு வண்டியில் பிள்ளைகள் ஏறிச் செல்ல இயலாது; ஆயினும் கையால் இழுத்து மகிழ்வார்கள். தலைவனோடு கூடி மகிழாவிடினும் அவனது நட்பை நெஞ்சில் வளர்த்து மகிழ்வதற்கு இது உவமை. ஏறிச் செல்லுதல் வேறு, இழுத்துச் செல்லுதல் வேறு என்ற வேறுபாடு தெரிந்திருந்ததனால்தான் இந்த உவமை பிறந்தது. வண்டியின் இயக்கத்தை அறியாத புலவர்க்கு இது வாய்த்திராது.

மலையைச் சூழ்ந்த தடங்கள்

கொடைக்கானலுக்கு இருப்புப்பாதை ஏறியதே இல்லை. உதகைக்கும் டார்ஜிலிங்குக்கும் சிம்லாவுக்கும் மாதேரானுக்கும் மலை ரயில் உண்டு. 1845 முதல் அமெரிக்க மறைப்பணியாளர் குடியேறிய கொடைக்கானலுக்கு அது வாய்க்கவில்லை. தொடக்கத்தில் பெரியகுளத்துப் பக்கமிருந்து குதிரையிலும், சுமப்போர் தோளில் தூக்கிய நாற்காலியிலும் மலையேறினர். பின்னர் லா என்னும் பொறியாளர் பெயரால் வழங்கும் மலைச்சாலை வந்தது, பேருந்து வந்தது, புகைவண்டி மட்டும் வரவில்லை.

ஆனால் மலைத்தொடரைச் சுற்றி நாற்புறமும் தண்டவாளம் வந்தது. கிழக்கே 1875இல் தென்னிந்திய இரயில்வேயின் திருச்சி மதுரைப் பாதை அமைந்தபோது அம்மையநாயக்கனூரில் ஒரு நிலையம் எழுந்தது. மலையின்மேல் இல்லாத ரயிலுக்கு மலையின் பெயரையே சூட்டி, அது பின்னாளில் கொடைக்கானல் ரோடு நிலையமாயிற்று; மக்கள் வழக்கில் கொடை ரோடு. கொடைக்கானலுக்கும் அதற்கும் இடையே மலைச்சாலை ஏறத்தாழ 80 கி.மீ. வடக்கே 1928இல் திண்டுக்கல்லிலிருந்து பழனி வழியாகப் பொள்ளாச்சிக்குப் பாதை அமைந்தது. தெற்கே அதே 1928இல் மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு அமைந்தது. இம்மூன்றும் மீட்டர் பாதைகள். மேற்கே, பழனி மலைத்தொடர் கண்ணன் தேவன் மலைகளோடு சேருமிடத்தருகே, இவற்றினும் விந்தையான ஒரு தடம் இருந்து மறைந்தது. அதைப் பின்னர் விரிவாகக் காண்போம்.

முதற்கேள்வி: இடைவெளி எவ்வளவு?

தடத்தை வகைப்படுத்த வல்லார் முதலில் நோக்குவது இரு தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட அகலம். இந்தியாவின் அகலப் பாதைக்கு அது 1,676 மில்லிமீட்டர். மீட்டர் பாதைக்குப் பெயரே அளவு, 1,000 மில்லிமீட்டர். நீலகிரி மலை ரயில் இவ்வகையினது. காலகா சிம்லா பாதைக்கு 762. டார்ஜிலிங், மாதேரான் பாதைகளுக்கு 610, அதாவது இரண்டடி.

பாதை குறுகக் குறுக வளைவுகளை நெருக்கமாக அமைக்க முடிகிறது. மலையைக் குடைவதற்கு மாறாக மலையைச் சுற்றிச் செல்ல முடிகிறது, செலவும் குறைகிறது. மலை ரயில்கள் சிறியவையாக இருப்பதன் காரணம் இதுவே. சமவெளியிலிருந்து வந்த பயணிகள் இந்தக் காரணத்தை நோக்காமல் உருவத்தை மட்டும் நோக்கிப் 'பொம்மை ரயில்' என்று பெயரிட்டனர். பெயர் செல்லமானதுதான். ஆயினும் அப்பெயரில் ஒரு மறைப்பு இருக்கிறது. தேயிலைப் பெட்டியும் அரிசி மூட்டையும் சுமந்த, பாறை பிளந்தவர்களின் உழைப்பால் எழுந்த பாதை ஒன்று, விடுமுறையாளரின் விளையாட்டுப் பொருளாகச் சுருங்கிவிடுகிறது.

உண்மைப் பொம்மை ரயிலுக்கும் முதற்கேள்வி இதுவே. செருமனியின் மார்க்லின் நிறுவனம் 1891இல் லைப்சிக் சந்தையில் தன் விளையாட்டு ரயில்களுக்கு எண்ணிட்ட தட அளவுகளை அறிமுகம் செய்தது. அதற்குப் பின்னரே ஒரு பெட்டியில் வாங்கிய வண்டி இன்னொரு பெட்டியில் வாங்கிய பாதையில் ஓடும் என்ற நம்பிக்கை பிறந்தது. ஒன்றாம் அளவுக்கு இடைவெளி 45 மில்லிமீட்டர். பழைய தகர ரயில்களுள் பெரிதும் பரவிய சுழிய அளவுக்கு 32. இரட்டைச் சுழிய அளவுக்கு 16.5. பின்னர் 9 மில்லிமீட்டர் வந்தது. 1972இல் மார்க்லின் வெளியிட்ட மிகச்சிறு தடத்துக்கு 6.5. பழம்பொருள் அங்காடியில் ஒரு தகரத் தடத் துண்டைக் கண்டால், வண்டி உடன் இல்லாவிடினும், ஓர் அளவுகோலைக் கொண்டு வண்டியின் பருமனைச் சொல்லிவிடலாம்.

கவிஞர் இங்கே கருதத்தக்கது ஒன்று. இரு தண்டவாளங்களைச் சேரவிடாமல் தடுப்பது விதியன்று. குறுக்கே கிடக்கும் சிலீப்பர் கட்டை. அது தடுப்பதும் பகையாலன்று. இடைவெளி ஒரு விரற்கடை கூடினாலும் குறைந்தாலும் வண்டி கவிழும். தண்டவாளத்தின் பிரிவைப் பாடிய கவிதைகள் பல. அப்பிரிவை அளவு மாறாமல் காத்துக்கொண்டு மண்ணில் புதைந்து கிடக்கும் கட்டையைப் பாடிய கவிதைகள் மிகச் சில.

இரண்டாம் கேள்வி: நடுவில் என்ன இருக்கிறது?

அகலத்தை அளந்தபின் அடுத்து நோக்கத்தக்கது தண்டவாளங்களின் நடுவிடம். சமவெளிப் பாதையில் அங்கே கட்டையும் சரளைக்கல்லுமன்றி வேறொன்றும் இல்லை. மலைப்பாதையில் நடுவிடமே கதை சொல்லும்.

நீலகிரியில் கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் இடையே தண்டவாளங்களின் நடுவில் பற்சட்டம் இரண்டு அடுத்தடுத்துக் கிடக்கின்றன. சுவிட்சர்லாந்தின் ரோமன் ஆப்ட் வகுத்த முறை இது. ஒரு சட்டத்தின் பல்லுக்கு நேரே மற்றதன் பள்ளம் வருமாறு அமைத்திருப்பதால், இயந்திரத்தின் பற்சக்கரம் எந்தக் கணத்திலும் ஏதேனும் ஒரு பல்லையாவது பற்றியே இருக்கும். 12 அடிக்கு ஓரடி உயரும் செங்குத்தில் இந்தப் பிடிதான் காப்பு. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899இலும் உதகை வரை 1908இலும் ஓடத் தொடங்கி, 2005இல் உலகப் பாரம்பரியச் சின்னமாகிய பாதை அது. அங்கே இயந்திரம் பெட்டிகளின் முன்னே நின்று இழுப்பதில்லை. கீழ்ப்புறம் நின்று மேல்நோக்கித் தள்ளுகிறது. டார்ஜிலிங் பாதையில் பற்சட்டம் இல்லை. அது வளைந்தும், தன் பாதையைத் தானே கடந்து சுழன்றும், முன்னும் பின்னுமாக மாறி மாறி நகர்ந்தும் உயரத்தை வெல்கிறது.

பழனியில் நடுவிடம் வேறு கதை சொல்கிறது. தண்டாயுதபாணி சுவாமி திருக்கோயிலுக்குப் படியேற இயலாத அடியார்க்கென 1966இல் தொடங்கிய மின் இழுவை ரயிலை மக்கள் 'விஞ்ச்' என்றே வழங்குகின்றனர். இவ்வகைப் பாதையில் வண்டிக்குள் இயந்திரம் இல்லை. கம்பிவடம் வண்டியைக் குன்றின்மேல் இழுக்கிறது. வடம் மண்ணில் உராயாமல் இருக்கத் தண்டவாளங்களின் நடுவே உருளைகள் அமைகின்றன. உதகையின் வண்டி தள்ளப்பட்டு ஏறுகிறது. பழனியின் வண்டி ஈர்க்கப்பட்டு ஏறுகிறது. தும்பிசேர் கீரனார் கண்ட வேறுபாடு இங்கே மீண்டும் உயிர்பெறுகிறது. அடியவர் தம் வலிமையால் ஏறுகிறாரா, மேலிருந்து ஈர்க்கப்பட்டு ஏறுகிறாரா என்பது பக்தி இலக்கியத்தின் பழைய வினா. பழனிக் குன்றில் படியும் இழுவைப் பாதையும் அருகருகே நின்று அவ்வினாவை இன்றும் எழுப்புகின்றன. இதைக் கண்டெழுத ஒரு கவிஞர் வேண்டும்.

பொம்மைத் தடத்தின் நடுவிடமும் இவ்வாறே பேசும். சாவி கொடுத்தால் ஓடும் பழைய வண்டிக்கு வேண்டிய ஆற்றல் அதன் வயிற்றுச் சுருள்வில்லிலேயே இருந்தது. ஆதலால் அதன் தடத்துக்கு இரண்டு தண்டவாளமே போதும். மின்சாரம் வந்தபோது நடுவில் மூன்றாவது தண்டவாளம் வந்தது. நடுத் தண்டவாளம் மின்னை அளித்தது. ஓரத் தண்டவாளங்கள் அதைத் திரும்பக் கொண்டு சென்றன. அமெரிக்காவின் லயனல் தடங்களும், இங்கிலாந்தின் லிவர்பூலில் ஃபிராங்க் ஹார்ன்பி நிறுவிய மெக்கானோ நிறுவனம் 1938இல் வெளியிட்ட ஹார்ன்பி டப்ளோ தடங்களும் இவ்வாறு மூன்று கோடுகள் கொண்டவை. மின்னைத் தடுக்கும் காப்பினை வண்டியின் உருளைகளிலேயே அமைத்தபின் நடுத் தண்டவாளம் தேவையற்றதாயிற்று. டப்ளோ 1959இல் இருகோட்டுத் தடத்துக்கு மாறியது. மார்க்லின் மட்டும் நடுக்கோட்டை முற்றும் கைவிடாமல், கண்ணுக்கு எளிதில் புலப்படாத சிறு குமிழ்வரிசையாக மாற்றிக் கொண்டது.

எனவே நடுவில் பல் இருப்பின் அது செங்குத்து ஏற்றம். உருளை இருப்பின் வடம் இழுக்கும் பாதை. மூன்றாம் கோடு இருப்பின் மின்பொம்மை. வெறுமை இருப்பின் தன் ஆற்றலைத் தானே சுமக்கும் வண்டி, அல்லது இருகோட்டு மின்பொம்மை. தடம் மட்டும் எஞ்சி வண்டி மறைந்துவிட்ட இடத்திலும், எத்தகைய வலிமை அதன்மேல் சென்றது என்று இவ்வாறு சொல்லிவிடலாம்.

மூன்றாம் கேள்வி: எதனால் செய்தது, எவ்வாறு பொருந்துகிறது?

மூன்றாவதாக நோக்கத்தக்கவை பொருளும் பொருத்தும் முறையும். பழைய சுழிய அளவுப் பொம்மைத் தடத்தில் தகரத் தகட்டை மடித்து உள்ளே வெற்றிடமுள்ள தண்டவாளமாக ஆக்கியிருப்பர். ஒரு துண்டின் முனையில் நீட்டிய ஊசி, அடுத்த துண்டின் வெற்றிடத்தில் நுழையும். கட்டைகளும் தகரமே, அவையும் துண்டுக்குச் சிலவே. டப்ளோவின் மூன்றுகோட்டுத் தடத்தில் தண்டவாளங்கள் ஒரு தகர மேடையின்மேல் பொருந்தியிருக்கும். மேடையே சரளைக்கல் பரப்பைப் போலத் தோன்றும். பிளாஸ்டிக் கட்டைகள் கொண்ட தடம் எனில் அது பிற்காலத்தது. ஐயம் நீங்காவிடில் ஒரு காந்தத் துண்டு போதும். தகரமும் எஃகும் ஒட்டும். பித்தளையும் நிக்கல் கலவையும் ஒட்டா. குழந்தைகளின் மரத்தடத்தில் தண்டவாளமே இல்லை. குடைந்த பள்ளம் இரண்டும், ஒன்றன் குமிழ் மற்றதன் குழிக்குள் அமரும் பொருத்தும்தாம் உண்டு.

பெரிய பாதைகளிலும் இப்பொருள் வரலாறு உண்டு. மரக்கட்டை போய் இரும்புக்கட்டை வந்தது. இரும்பு போய்ச் சிமிட்டிக் கட்டை வந்தது. தண்டவாள முனைகளை இணைத்த ஃபிஷ் பிளேட் இடைவெளிகள் பற்றவைப்பால் மறைந்தன. அவ்விடைவெளிகளில் சக்கரம் விழுந்தெழும் தாளத்தைக் கேட்டே சந்தம் அமைத்த பாட்டுகள் தமிழில் உண்டு. அத்தாளத்தை இன்றைய தலைமுறையினர் பல பாதைகளில் கேட்பதற்கே இல்லை.

மேற்கில் மறைந்த தடம்

இம்மூன்று கேள்விகளையும் கைக்கொண்டு, மலைத்தொடரின் மேற்கெல்லையில் மறைந்த தடத்தை இனி நோக்கலாம்.

மூணாற்றிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கின் வழியே இன்றைய சாலையில் சுமார் 32 கி.மீ. சென்றால் டாப் ஸ்டேஷன் என்னும் சிற்றூர் வரும். தேனி மாவட்டத்தின் எல்லையை ஒட்டி, செங்குத்தாகச் சரியும் மலைவிளிம்பில் அமைந்தது அது. கண்ணன் தேவன் மலைகளின் தேயிலையைத் தமிழகச் சமவெளிக்கு இறக்குவதற்காக 1902இல் இவ்விரண்டு இடங்களுக்கும் இடையே ஒரு தடம் அமைத்தனர். அதற்குத் தண்டவாளம் ஒன்றே. யூவிங் முறை எனப் பெயர் பெற்ற அம்முறையில் வண்டியின் சிறு சக்கரங்கள் வரிசையாக ஒற்றைத் தண்டவாளத்தின்மேல் நிற்கும். பக்கவாட்டில் நீண்ட ஒரு பெரிய சக்கரம் வண்டிப்பாதையின் தரையில் உருண்டு வண்டியைச் சாயாமல் காக்கும். பாரத்தின் பெரும்பங்கைத் தண்டவாளம் தாங்கியது. சமநிலையை மண் தந்தது. இழுத்தவை மாடுகள். இம்முறையில் பின்னர் 1907இல் பாட்டியாலாவிலும் ஒரு பாதை அமைந்தது. 1927 வரை இயங்கிய அதன் இயந்திரத்தைப் புது தில்லியின் தேசிய இரயில் அருங்காட்சியகத்தில் காணலாம்.

1908இல் குண்டளைத் தடம் இரண்டடி அகலமுள்ள இருகோட்டுப் பாதையாக மாறியது. சிறு நீராவி இயந்திரங்கள் வந்தன. மூணாறு, மாட்டுப்பட்டி, பாலாறு, டாப் ஸ்டேஷன் என நிலையங்கள் அமைந்தன. டாப் ஸ்டேஷனை அடைந்த தேயிலைப் பெட்டிகள் அங்கிருந்து கம்பிவடப் பாதையில் தொங்கியவாறே ஏறத்தாழ 5 கி.மீ. கீழிறங்கிக் கொட்டகுடியை அடைந்தன. மேலே டாப் ஸ்டேஷன் எனின் கீழே பாட்டம் ஸ்டேஷன். அங்கிருந்து போடிநாயக்கனூருக்கு மாட்டுவண்டி. போடிக்கு 1928 வரை புகைவண்டி வரவில்லை. ஆகவே அதற்கப்பாலும் பெட்டிகள் சாலை வழியே இரயிலடியைத் தேடிச் செல்ல வேண்டியிருந்தது. ஒரு தேயிலைப் பெட்டி மலையுச்சியிலிருந்து கப்பலேறுமுன் தண்டவாளம், வடம், மாடு, மீண்டும் தண்டவாளம் எனத் தடத்துக்குத் தடம் மாறிச் சென்றது.

1924 சூலையில் பெய்த பெருமழை அப்பாதையை அழித்தது. கொல்லம் ஆண்டு 1099இல் நேர்ந்தமையால் மலையாள நாட்டில் 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்' எனப்படும் பேரழிவு அது. பாதை மீண்டும் அமைக்கப்படவே இல்லை. ஒற்றைக் கோடாக ஆறாண்டும் இரட்டைக் கோடாகப் பதினாறாண்டும் வாழ்ந்து அது முடிந்தது.

இன்று டாப் ஸ்டேஷனுக்கு வருவோர் பலர். பன்னிரண்டாண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சியைக் காண 2006இலும் 2018இலும் இம்மலைகளுக்குத் திரளாக வந்தனர். ரயிலே இல்லாத மலைவிளிம்புக்கு ஸ்டேஷன் என்ற பெயர் எவ்வாறு வந்தது என்று எத்தனை பேர் எண்ணியிருப்பர்? தண்டவாளம் போயிற்று, கட்டை போயிற்று, எஞ்சியிருக்கும் தடம் ஊரின் பெயர்தான். சொல் ஒரு தடமாகக் கிடக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்தவர்க்கு அது மலைமேல் ஒரு ரயிலைக் காட்டும். தெரியாதவர்க்கு அது ஒரு பேருந்து நிறுத்தம்.

இதில் இழப்பு இரும்புக்கு மட்டும் உரியதன்று. கண்ணன் தேவன் மலைகளின் தோட்டங்களில் உழைத்தவர்கள் பெரும்பாலும் கங்காணிகள் வழி தென் தமிழக மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழர்கள். தேயிலைப் பெட்டி சென்ற வழியைத் தோட்ட நிறுவனங்களின் வரலாறு குறித்து வைத்திருக்கிறது. பெட்டியைத் தூக்கி ஏற்றியவர் அந்த ஒற்றைத் தண்டவாளத்தை என்ன சொல்லால் அழைத்தார் என்பதை அத்தகைய வரலாறுகள் சொல்வதில்லை. தரையில் உருண்ட பெரிய சக்கரத்துக்கு மாடோட்டியவர் ஒரு பெயர் வைத்திருப்பார். தொழில் செய்பவர் பெயரில்லாப் பொருளோடு பழகுவதில்லை. அத்தகைய சொற்களை உரிய காலத்தில் கேட்டு எழுதுவதற்கு இலக்கிய வட்டம் எதுவும் அம்மலையில் இருக்கவில்லை.

கருப்பொருளாகும் தடம்

தொல்காப்பியர் கருப்பொருள்களை வகுத்தபோது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, யாழ் ஆகியவற்றோடு 'செய்தி' என்பதையும் வைத்தார். செய்தி என்பது தொழில். நிலத்தின் தொழிலும் அத்தொழிற்குரிய கருவியும் நிலத்தின் அடையாளங்கள் என்பது அவர் கருத்தாகக் கொள்ளலாம். தேன் அழித்தலும் கிழங்கு அகழ்தலும் தினைப்புனம் காத்தலும் பழங்குறிஞ்சியின் தொழில்கள். பழனி இழுவைப் பாதையின் வடமும், கல்லாற்றுப் பற்சட்டமும், குண்டளையின் ஒற்றைத் தண்டவாளமும் புதுக்குறிஞ்சியின் தொழிற்கருவிகள். இவற்றைத் திணையின் கருப்பொருளாக ஏற்பது மரபை மீறுவதாகாது. மரபு வகுத்த இடத்தில் புதியதை வைப்பதேயாகும்.

அதற்குக் காலம் நீளமாக இல்லை. திண்டுக்கல் பொள்ளாச்சி மீட்டர் பாதை 2009இல் மூடப்பட்டு, பழனி வரை 2012இலும் பொள்ளாச்சி வரை 2015இலும் அகலப் பாதையாகத் திறந்தது. மதுரை போடிப் பாதை 2010 இறுதியில் நின்று, தேனிக்கு 2022இலும் போடிக்கு 2023இலும் அகலப் பாதையாக மீண்டது. மக்களுக்கு இது நன்மையே. நீண்ட காலம் காத்திருந்து பெற்ற நன்மை. ஆயினும் பழைய பாதையோடு ஒரு சொற்றொகுதியும் பெயர்ந்துவிட்டது. கைகாட்டி மரம், சாவி வளையம், தள்ளுவண்டி, சிலீப்பர் கட்டை, கேங்மேன் என்பன போன்ற சொற்களைத் தம் அன்றாடப் பேச்சாகக் கொண்டிருந்தவர்கள் கொடை ரோட்டிலும் ஒட்டன்சத்திரத்திலும் உசிலம்பட்டியிலும் ஆண்டிபட்டியிலும் இன்னும் வாழ்கின்றனர். குண்டளைத் தொழிலாளரைக் கேட்க இயலாது. இவர்களைக் கேட்க இயலும்.

எனவே இவ்வட்டத்தின் பதினொன்றாம் ஆண்டுப் பணிகளுள் ஒன்றாக ஒரு சிறு தொகுப்பு அமையுமாயின் அது தமிழுக்கு ஆக்கமாகும். உறுப்பினர் ஒவ்வொருவரும் தத்தம் ஊரருகே இருப்புப்பாதையில் உழைத்து ஓய்வுபெற்ற ஒருவரைக் கண்டு, அவர் பயன்படுத்திய பத்துச் சொற்களைப் பொருளோடு எழுதிவரலாம். வீட்டுப் பரணில் பழைய தகர ரயிலின் தடத்துண்டு கிடக்குமாயின் அதன் அகலத்தை அளந்து, கோடுகளை எண்ணி, நடுவிடத்தை நோக்கி, அதையும் குறித்து வரலாம். ஆய்வாளர்க்கு அது சொல்லகராதிக்குரிய பொருள். கவிஞர்க்கு அது உவமைக்குரிய பொருள்.

அதன்பின் எழுதும் கவிதையில் தண்டவாளம் வருமாயின், அது எந்தத் தண்டவாளம் என்று கவிஞர் அறிந்திருப்பார். தனியே நிற்க இயலாமல் மண்ணின்மேல் ஒரு கால் ஊன்றி ஓடிய ஒற்றைக் கோடு ஒரு வாழ்க்கையைச் சொல்லும். விழாமல் இருக்கப் பல்லால் பற்றி ஏறும் பாதை இன்னொரு வாழ்க்கையைச் சொல்லும். இரு ஓரங்களுக்கும் ஆற்றல் தந்துவிட்டு, தேவை தீர்ந்ததும் நீக்கப்பட்ட நடுக்கோடு, பல குடும்பங்களில் உள்ள ஒருவரைச் சொல்லும். சேராத இரு கோடுகள் என்ற பழைய உவமை அப்போது ஓய்வு பெறலாம். அது நெடுங்காலம் உழைத்துவிட்டது.

வட்டம் வளர்க, தமிழ் வாழ்க.